நம்ம வீடு: மூன்றாவது பந்தியை ஒழித்த ஜன்னல்!

பொங்கலன்று மதியம் மணி மூன்றரை. கோபிசெட்டிபாளையம் பக்கத்தில், கொடிவேரி வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் ஒரு தோட்டத்து வீடு. கூடியிருந்தவர்கள் 26 பேர். முதல் பந்தியில் ஆண்கள், இரண்டாவது பந்தியில் பிள்ளைகள் என்று சாப்பிட்டு எழுந்தாயிற்று. மூன்றாவது பந்தி மட்டும் நடக்கவே இல்லை. சமைத்த ஐந்து பெண்களும் அடுப்படியிலேயே நின்றபடி, மிச்சமிருந்த சோற்றில் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டார்கள். 74 வயது ஆத்தாவுக்கு முழங்காலை மடக்கித் தரையில் உட்கார முடியாது. ஆசாரத்துக் கட்டிலில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டார்.

பெங்களூரில் ஐ.டி வேலையில் இருக்கும் இளைய மகன் இதைப் பார்த்தார். மஞ்சள் விற்ற பணம் வந்ததும் சமையல்கட்டை மாற்றிவிடுவது என்று அண்ணனிடம் பேசி முடித்தார்.

படத்தில் இல்லாத பதில்

அடுத்த வாரமே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. சுவரே இல்லாத ஓப்பன் கிச்சன், நடுவில் ஐலேண்ட், பளபளவென்று வெள்ளை கேபினட், மேலே ஃபால்ஸ் சீலிங். அந்த வீட்டிலேயே இருந்து, தினமும் அங்கே சமைக்கும் மூத்த மருமகள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி. சந்தகை புழியற கட்டைய எங்க வெக்கிறது?"

கொங்கு வீடுகளில் விருந்தாளி வந்தால் சந்தகை இல்லாமல் முடியாது. வெந்த மாவைச் சூடு ஆறுவதற்குள் புழிய வேண்டும். ஒருவர் மாவை எடுத்துப் போட, இன்னொருவர் உடம்பு பலம் முழுவதையும் கொடுத்து அழுத்த, மூன்றாவது ஆள் தட்டில் வாங்க வேண்டும். மூன்று பேர் சுற்றி நிற்க இடம் தேவை. அப்படியே ஒப்புட்டு தட்ட, கூடை நிறைய வெங்காயம் உரிக்க, அண்டாவை இறக்கி வைக்க... கேட்லாக்கில் வரும் சமையலறைகள் நான்கு பேர் குடும்பத்துக்கு, ஒருவர் நின்று சமைப்பதற்காகப் போடப்பட்டவை. தோட்டத்து வீட்டில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மூன்று பேர்தான். நோம்பி வந்தால் 26 பேர். இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு அறையைக் கட்டுவதுதான் நிஜமான சவால். அதற்கு ஐலேண்ட் உதவாது.

அந்தக் கேள்விக்கே குரூப்பில் இரண்டு நாள் அமைதி. அதற்குள் ஆத்தாவின் கேள்வி வந்துவிட்டது. பழைய விறகடுப்பை இடிக்கப்போகிறார்கள் என்று காதில் விழுந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அடுப்பையும் எடுத்துப்போட்டா, நான் இந்த ஊட்டுல என்ன பண்றது சாமி?"

ருசிக்காகக் கேட்டதில்லை. கால் போன பிறகு தோட்டம், மாடு, சந்தை எல்லாம் அவர் கையை விட்டுப் போய்விட்டன. ஸ்டூல் போட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்து, எது வெந்தது, எது வேகவில்லை என்று சொல்லும் அதிகாரம் மட்டும்தான் மிச்சம்.

ஆனால், மருமகளின் பக்கமும் நியாயம் இருந்தது. இருபது வருஷத்துக்கும் மேலாக அதே அடுப்பை ஊதியவர். இருமல் அவருக்குப் பழகிவிட்டது. வீட்டுக்குள் விறகு, சாணம், மண்ணெண்ணெய் போன்றவற்றை எரிப்பதால் உண்டாகும் காற்று மாசால் 2020-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஓட்டுக் கூரையின் மரச்சட்டங்களில் தார் மாதிரி படிந்திருந்த கரியைப் பார்த்தாலே, நெஞ்சுக்குள் என்ன படிந்திருக்கும் என்று புரியும்.

வழி சொன்னவர் கொத்தனார். அடுப்பை இடிக்க வேண்டாம், இடம் மாற்றலாம் என்றார். பின்கட்டில், மூன்று பக்கமும் திறந்த ஒரு சிறிய ஓட்டுச் சாய்ப்பு. அதில் புகைபோக்கி வைத்த இரட்டை அடுப்பு, ஆத்தா நாற்காலியில் உட்கார்ந்தபடி விறகு தள்ளும் உயரத்தில். அன்றாடச் சமையல் உள்ளே கேஸில். அண்டாவும் வெந்நீரும் வெளியே விறகில்.

சுவர் சொன்னது 'முடியாது'

சமையல்கட்டுக்கும் ஆசாரத்துக்கும் நடுவில் இருந்த சுவரை மொத்தமாக எடுத்துவிடுவதுதான் இளைய மகனின் கனவு. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், கூரையின் பெரிய விட்டமே அந்தச் சுவரின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. பழைய ஓட்டு வீடுகளில் பில்லர் கிடையாது, சுவர்தான் பாரம் தாங்குகிறது. அதை எடுத்தால் இரும்பு பீம் போட்டுத் தாங்க வேண்டும். செலவு எகிறும். யூடியூபில் ஒரு நிமிஷத்தில் சம்மட்டியால் சுவரை உடைக்கிறார்கள் என்பதற்காக, பழைய வீட்டில் யாரும் அதைச் செய்துபார்க்கக் கூடாது. இன்ஜினீயர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் கடப்பாரையைத் தொட வேண்டும்.

கடைசியில், விட்டம் உட்காரும் இடத்திலிருந்து தள்ளி, நான்கு அடி அகலத்தில் ஒரு பரிமாறும் ஜன்னல் மட்டும் திறந்தார்கள். மேலே கான்கிரீட் லின்டல், இரண்டு பக்கமும் சுவருக்குள் அரை அடிக்குக் குறையாமல் நுழைந்து நிற்கிறது. ஜன்னல் திண்டில் கிரானைட். குழம்புச் சட்டியை இந்தப் பக்கம் வைத்தால் அந்தப் பக்கம் எடுத்துக்கொள்ளலாம். சமைப்பவருக்கு ஆசாரத்தில் நடக்கிற பேச்சும் காதில் விழும். இத்தனை வருஷமாகச் சிரிப்புச் சத்தம் கேட்டால் ஓடிவந்து 'என்ன, என்ன?' என்று கேட்டுக்கொண்டிருந்த மருமகளுக்கு, இது பெரிய விஷயம்.

திண்டுக்குக் கடப்பாக்கல் போதும், விலையும் குறைவு என்று மூத்த மகன் சொல்லிப்பார்த்தார். ஆனால் கடப்பா சுண்ணாம்புக்கல் வகை. புளி, எலுமிச்சை பட்டால் அரித்து வெளுத்துவிடும். ரசம் சிந்தாத சமையல்கட்டு ஏது? அலமாரித் தட்டுகளுக்கு மட்டும் கடப்பா போட்டார்கள்.

மேடை இரண்டு உயரத்தில் வந்தது. நின்று சமைக்கும் பக்கம் தரையிலிருந்து 34 அங்குலம். அதை ஒட்டி 30 அங்குலத்தில் ஒரு தாழ்ந்த மேடை, கீழே அலமாரி வைக்காமல் கால் நீட்ட இடம் விட்டு. நாற்காலியை இழுத்துப் போட்டு ஆத்தா காய் நறுக்குவது, பேத்தி வீட்டுப்பாடம் எழுதுவது எல்லாம் அதில்தான். நடுவில் எதையும் வைக்காமல் தரையைக் காலியாக விட்டார்கள். சந்தகைக் கட்டைக்கான இடம் அதுதான்.

கண்ணுக்குத் தெரியாத செலவு

பணத்தில் பெரும்பகுதி போட்டோவில் வராத இடங்களுக்குப் போனது. பழைய துணி சுற்றிய வயர்களை மொத்தமாக மாற்றினார்கள். இண்டக்‌ஷன் அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் தனித்தனி லைன். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் சிலிண்டர் வெளிச்சுவருக்குப் போனது. உள்சுவரிலும் தரையை ஒட்டி ஒரு காற்றுத்துளை விட்டார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் மேலே இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

26 பேர் கை கழுவ ஒரு வாஷ்பேசின் போதாது. ஆசாரத்துக்கு வெளியே நான்கு குழாய் வைத்த நீளமான தொட்டி கட்டி, அந்தத் தண்ணீரைக் கல்வாழைப் பாத்தி வழியாக வாழைக்குத் திருப்பிவிட்டார்கள்.

ஆசாரத்தின் சிவப்பு ரெட் ஆக்ஸைடு தரையை எடுத்துவிட்டு டைல்ஸ் ஒட்டலாம் என்ற யோசனைக்கு மூன்று தலைமுறையும் சேர்ந்து தடை போட்டது. ஒரு மூலையில் மட்டும் வெடிப்பு. அதைப் பூசியதில் நிறம் ஒட்டவில்லை. ரெட் ஆக்ஸைடில் ஒட்டுப்போட்டால் எப்போதும் அப்படித்தான். வெடிப்போடே விட்டிருக்கலாம் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள்!

சாப்பாட்டு மேஜை கடையில் வாங்கியதில்லை. காற்றில் சாய்ந்து மூன்று வருஷமாகக் கொட்டகையில் காய்ந்துகொண்டிருந்த வேப்பமரம், எட்டடி நீள மேஜையாக மாறியது. ஒரு ஆளுக்கு இரண்டடி. பக்கத்துக்கு நான்கு பேர், இரண்டு முனையில் இருவர், ஆக பத்துப் பேர். அகலம் மூன்றடி. எதிரெதிரே இலை போட்டு நடுவில் பாத்திரம் வைக்க அதற்குக் குறைந்தால் சிரமம். நாற்காலிக்குப் பதில் பெஞ்ச். பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்தால் பன்னிரண்டு பேரும் அடங்குவார்கள். முனையில் மட்டும், கைப்பிடி வைத்த ஒரு நாற்காலி.

ஆடி 18

ஆடிப்பெருக்குக்கு மகள்கள் எல்லாம் வந்தார்கள். வேலை முடிந்து முதல் கூட்டம். மேஜையில் பத்துப் பேர்தான் உட்கார முடியும், வந்திருப்பவர்கள் 24 பேர். யார் முதலில் என்ற கேள்விக்கு இளைய மகன் ஒரு ஏற்பாடு சொன்னார். முழங்கால் வலிக்காரர்களும் சமைத்தவர்களும் மேஜையில், மற்றவர்கள் பாயில், ஒரே நேரத்தில். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று பரிமாற இரண்டு ஆண்கள்.

சமைத்த பெண்கள் உடனே உட்கார்ந்துவிடவில்லை. 'நீங்க மொதல்ல சாப்பிடுங்க' என்று ஒரு சுற்று நடந்தது. மூத்த மருமகள்தான் முதலில் இலை முன்னால் உட்கார்ந்தார். அதைப் பார்த்து மற்றவர்களும். பரிமாற நின்றவர்களில் ஒருவர் வீட்டு மாப்பிள்ளை. ஆத்தாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

"மாப்பளையப் போயி கரண்டி புடிக்கச் சொல்றீங்களாடா?"

மாப்பிள்ளை அதற்குள் கொள்ளுப்பருப்பை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டார். ஆத்தா ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு இலையைச் சற்று இழுத்துவைத்துக்கொண்டு, இன்னும் ஒரு கரண்டி ஊற்றச் சொன்னார். சோறு அவருடைய அடுப்பில் வெந்தது. அன்றைக்கு அதில் குறை எதுவும் சொல்லவில்லை. கேஸில் வைத்த ரசத்துக்கு மட்டும் இரண்டு குறை சொன்னார்.

ஆசாரத்துக்கு இன்னும் ஒரு பெஞ்ச் வர வேண்டியிருக்கிறது. பலகை இழைத்துவிட்டது. ஆவணி முகூர்த்த வேலைகள் முடியட்டும் என்கிறார் தச்சர்.