34 வயதில் கிடைத்த பதில்... 'பொறுப்பில்லாதவன்' இல்லை, ஏ.டி.ஹெச்.டி!

மஞ்சக்குட்டையில் இருக்கும் என் பெரியம்மா மகனுக்கு வீட்டில் வைத்த பெயர், 'மறதி மன்னன்'. காபித் தோட்டத்துக்கு மருந்தடிக்கக் கிளம்புவார். பாதி வழியில் யாருடைய பைக்கையோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருப்பார். நான்கு வேலை மாறியாச்சு. "பொறுப்பே இல்ல" என்று ஊர் சொன்னதை, ஒரு கட்டத்தில் அவரே நம்பிவிட்டார்.

தூக்கம் போனது. காரணமில்லாமல் அழுதார். மலையிறங்கி சேலத்தில் மனநல மருத்துவரைப் பார்த்தோம். மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார். அழுகை நின்றது. மறதியும் பரபரப்பும் நிற்கவில்லை. அடுத்த முறை டாக்டர், "சின்ன வயசுல எப்படி இருந்தீங்க?" என்று கேட்டார். பெரியம்மாதான் பதில் சொன்னார். "மூணாம் கிளாஸ்லயே ஒரு இடத்துல உட்கார மாட்டான் சார். மாசம் ஒரு டிபன் பாக்ஸைத் தொலைப்பான்."

நடிகர் ஃபகத் ஃபாசில் தனக்கு ஏ.டி.ஹெச்.டி இருப்பது 41 வயதில்தான் தெரிந்தது என்று 2024-ல் சொன்னது நினைவிருக்கிறதா? அதேதான்.

இது பெரியவர்களிடம் தப்பிவிடுவது ஏன்? மனச்சோர்வு, பதற்றம், குடிப்பழக்கம் என்று சிகிச்சைக்கு வருபவர்களிடம் அடியில் இது ஒளிந்திருக்கலாம். துறுதுறுப்பு வயதாக ஆக மனசுக்குள் போய்விடும்; வெளியே தெரிவது மறதியும் தள்ளிப்போடுவதும்தான்.

ரீல்ஸ் பார்த்து நாமே முடிவுகட்டக் கூடாது. பெரியவர்களுக்குக் குறைந்தது 5 அறிகுறிகள் வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வீடு, வேலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தொந்தரவு தர வேண்டும். தூக்கமின்மை, தைராய்டுகூட இப்படிக் காட்டும். அதனால் டாக்டரிடம் போகும்போது பழைய ரேங்க் கார்டையும், சின்ன வயதில் உங்களைப் பார்த்த ஒருவரையும் அழைத்துப் போங்கள்.

மீதைல்ஃபெனிடேட், அட்டமாக்ஸிடின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் தொடவே கூடாது. பைபோலார் உள்ளவர்களுக்கு, முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே இதற்கு மருந்து. கூடவே ஆலோசனை, அலாரம், வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரிப்பது எல்லாம் உதவும்.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லையா? டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அண்ணன் இப்போது ஆறு மாதமாக ஒரே வேலையில் இருக்கிறார். பெரியம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "அந்த டிபன் பாக்ஸுக்காக எத்தனை அடி அடிச்சிருப்பேன்..." என்றார் போன வாரம்.