கழற்றும் நொதிக்கும் ஓர் இடம் வேண்டும்

நொதி என்றதும் உங்கள் நினைவுக்கு வருபவை எவை? உமிழ்நீரிலுள்ள அமைலேஸ், இரைப்பையிலுள்ள பெப்சின். ஒன்று மாவுப்பொருளை உடைக்கிறது. மற்றொன்று புரதத்தை உடைக்கிறது. அத்தோடு தேர்வு விடையும் முடிந்துவிடுகிறது. இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இது பெருங்குறையாகப் படுகிறது. ஓர் இயந்திரத்தைக் கண்டால் அது எப்படி ஓடுகிறது என்பதோடு, அதை எப்படி நிறுத்துவது, நிறுத்தியதை மீண்டும் எப்படி ஓட்டுவது என்றும் கேட்போம் அல்லவா? நொதியிடம் மட்டும் ஏன் இதைக் கேட்பதில்லை?

ரோடோஸ்பைரில்லம் ரூப்ரம் என்ற பாக்டீரியாவைப் பாருங்கள். ஒளியின் ஆற்றலைக் கொண்டு வாழும் செந்நிற உயிரி இது. காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றவும் வல்லது. தொழிற்சாலையில் ஹேபர் முறையில் இதைச் செய்ய 400 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பமும் மிகுந்த அழுத்தமும் வேண்டும். பாக்டீரியாவின் நைட்ரஜனேஸ் நொதியோ சாதாரண வெப்பநிலையிலேயே செய்துவிடுகிறது. ஆனால் இலவசமாக அல்ல. ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்குக் குறைந்தது 16 அடினோசின் டிரைபாஸ்பேட் மூலக்கூறுகள் செலவாகின்றன. இருள் சூழ்ந்துவிட்டால் இந்தச் செலவு கட்டுப்படியாகாது. அம்மோனியம் வெளியிலிருந்தே கிடைத்துவிட்டாலோ அது வீண்.

ஆகவே பாக்டீரியா இயந்திரத்தை நிறுத்துகிறது. நைட்ரஜனேசின் ஒரு பகுதியான இரும்புப் புரதத்தில், 101ஆம் இடத்திலுள்ள ஆர்ஜினின் மீது டிரா-டி என்னும் நொதி ‘அடினோசின் டைபாஸ்பேட் ரைபோஸ்’ என்ற பொருளை ஒட்டிவிடுகிறது. அதன்பின் அந்தப் புரதம் தன் கூட்டாளிப் புரதத்தோடு பொருந்தாது, எலெக்ட்ரான் கைமாறாது. மீண்டும் வெளிச்சம் வந்ததும் டிரா-ஜி என்ற இன்னொரு நொதி, இரண்டு மாங்கனீஸ் அயனிகளின் துணையோடு, நீரைப் பயன்படுத்தி அந்த ஒட்டைக் கழற்றிவிடுகிறது. புரதம் சேதமின்றிப் பழையபடி உழைக்கிறது.

கழற்றும் நொதி இல்லையென்றால் அது ஸ்விட்ச் ஆகாது. ஒருமுறை எரிந்து போகும் ப்யூஸ்தான். தொண்டை அடைப்பான் நோயின் நச்சு இதே பொருளைத்தான் நம் செல்லின் புரதம் தயாரிக்கும் கருவியில் ஒட்டுகிறது. ஒட்டுவதை ஈடுகட்டும் வேகத்தில் செல்லால் மீள முடிவதில்லை, செல் மடிகிறது. ஒட்டப்படும் பொருள் ஒன்றே. ஓரிடத்தில் சிக்கனம், இன்னோரிடத்தில் சாவு!

இதன் வரலாறும் சுவையானது. 1976இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லட்டன், பர்ரிஸ் என்ற இருவர், செயலற்றுக் கிடந்த இரும்புப் புரதத்தை உயிர்ப்பிக்கும் ஒரு காரணி இந்தப் பாக்டீரியாவில் இருப்பதை அறிவித்தார்கள். அதுதான் டிரா-ஜி. அது எதைக் கழற்றுகிறது என்பது தெளிவானதோ 1985இல்! அழிப்பான் முதலில் கிடைத்தது. அழிக்கப்படும் மை எதுவென்று ஒன்பது ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. பாடநூல்கள் மட்டும் இன்னும் பேனாவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கின்றன.

இது எங்கோ தொலைவிலுள்ள செய்தி என்று எண்ணாதீர்கள். நம் நெல் வயல்களில் உயிர் உரமாக இடும் அசோஸ்பைரில்லம் இனங்களுள் பிராசிலென்ஸ் என்பதிலும் இதே இரு நொதிகள் உண்டு. அம்மோனியம் மிகுந்ததும் அங்கே டிரா-ஜி அழிக்கப்படுவதில்லை; செல் சவ்வோடு சேர்த்துக் கட்டி ஒதுக்கி வைக்கப்படுகிறது. ஒட்டு கழலாமலே இருக்கிறது. மண்ணில் யூரியாவும் அம்மோனியமாக மாறுவதுதானே? உயிர் உரத்தையும் யூரியாவையும் எப்போது, எவ்வளவு இடுவது என்று கேட்கும் விவசாயிக்கு விடை சொல்ல, இந்த நொதியையும் அறிந்திருக்க வேண்டும்.

பாடத்திட்டம் ஏற்கெனவே கனக்கிறது என்று ஆசிரிய நண்பர்கள் சொல்லக்கூடும். பெப்சினுக்கு ஒதுக்கிய பக்கத்தில் நான்கு வரிகளைக் குறைத்தால் டிரா-ஜிக்கு அது போதும்.