திரும்பி வர வேண்டிய பை

கார்த்திகை மாதத்தில் ஆந்திர, தெலங்கானா மக்கள் நெல்லிமரத்தடியில் கூடி உண்பதை வனபோஜனம் என்கின்றனர். ஆடிப் பதினெட்டன்று சித்திரான்னங்களுடன் காவிரிக்கரையில் அமர்வது தமிழர் வழக்கம். குளிர்காலம் வந்தால் வங்காளக் குடும்பங்கள் தோப்புகளிலும் ஆற்றங்கரைகளிலும் அடுப்பு மூட்டிச் சமைத்து உண்கின்றன. மரநிழலில் அமர்ந்து உண்ணும் இன்பம் நமக்குப் புதியதன்று. நாம் உண்டு எழுந்தபின் அங்கே எஞ்சிக் கிடப்பவைதாம் புதியவை.

சிற்றுலாவுக்கு எடுத்துச் செல்ல வேண்டியவற்றைப் பட்டியலிடுவோர் பெரும்பாலும் உணவிலிருந்து தொடங்குகின்றனர். அப்பட்டியலின் முதற்பொருள் ஒரு வெறும் பையாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. கொண்டு சென்றவற்றுள் உண்டது போக எஞ்சும் அனைத்தும் அதில் வீடு திரும்ப வேண்டும். வரவும் செலவும் நேராகாத ஏட்டை எந்தக் கணக்கரும் மூடுவதில்லை. சிற்றுலாவுக்கும் அந்த ஒழுங்கு பொருந்தும்.

வெறும் பையை முதலில் வைத்துவிட்டால், மற்றவற்றைத் தேர்வது எளிதாகிவிடும். திரும்பச் சுமக்க வேண்டியவை குறைவாக இருக்க வேண்டுமானால், உறையில் அடைத்து விற்கும் தின்பண்டங்களை விட வீட்டு உணவே சிறந்தது. நம் முன்னோர் வழிநடைக்குத் தேர்ந்தவை இதற்கு வழிகாட்டுகின்றன. புளியோதரையைப் புளியும் நல்லெண்ணெயும் காக்கின்றன. மிளகாய்ப்பொடி தடவிய இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கிண்ணம் தேவையில்லை. தயிர்சாதத்தைப் பால் மிகுதியாகவும் தயிர் சிறிதாகவும் விட்டுப் பிசைந்தால் நண்பகலில் புளிக்காது. குஜராத்தியரின் தேப்லாவும் பீகாரியரின் சத்துமாவும் இதே அறிவின் விளைவுகள். தேங்காய்ச் சட்னி, முட்டை, இறைச்சி போன்றவை வெயிலில் விரைந்து கெடும். சமைத்த உணவை அறைவெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எனவே நெடுந்தொலைவு செல்வோர் அவற்றைத் தவிர்ப்பதே நலம்.

அடுத்து, உண்கலங்கள். ஒருமுறை மட்டுமே பயன்படும் நெகிழித் தட்டு, குவளை, கரண்டி, உறிஞ்சுகுழல் ஆகியவை 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டுள்ளன. அவற்றுக்கு மாற்றாகக் காகிதக் குவளையை வாங்கிக் குவிப்பதில் பெரும்பயன் இல்லை. அதன் உட்புறத்திலும் பெரும்பாலும் நெகிழிப் பூச்சே இருக்கிறது. வீட்டிலுள்ள எவர்சில்வர் தட்டுகளும் தம்ளர்களும் போதும். இலைதான் விருப்பமெனில், அனலில் வாட்டிய வாழையிலையோ, உலர்ந்த மந்தாரை இலையோ, தொன்னையோ கொள்ளலாம். குடிநீரைப் பெரிய பாத்திரத்தில் எடுத்துச் செல்வது நன்று. சிக்கிம் மாநிலத்தின் லாச்சென் என்னும் மலையூர், புட்டியில் அடைத்த நீருக்கு 2012-இலேயே தடைவிதித்தது. ஒரு சிற்றூரால் இயன்றது ஒரு குடும்பத்தாலும் இயலும்.

இன்றியமையாத வேறு சிலவும் உண்டு. விரித்து அமர ஒரு ஜமக்காளம், கைதுடைக்கப் பருத்தித் துணி, காயத்துக்கு மருந்தும் கட்டுத்துணியும், வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், அன்றாடம் உண்ணும் மாத்திரைகள். அலைபேசி வழியே பணம் செலுத்தப் பழகிவிட்ட நாம் சில்லறை நோட்டுகளை மறந்துவிடுகிறோம். மலையிலும் காட்டிலும் அலைவரிசை கிட்டாதபோது அவையே கைகொடுக்கும். இடர் நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண் 112 என்பதைப் பிள்ளைகளும் அறிந்திருக்கட்டும்.

"நுழைவுக்கட்டணம் செலுத்துகிறோமே, குப்பைத்தொட்டி வைத்துத் துப்புரவு செய்வது நிர்வாகத்தின் கடமையன்றோ?" என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. தொட்டி வைக்க வேண்டும், அதை நாள்தோறும் அகற்றவும் வேண்டும். ஆயினும் காட்டோரத் தொட்டியைக் குரங்கும் காட்டுப்பன்றியும் கவிழ்த்துவிடுகின்றன. அள்ளிச் செல்லும் குப்பையும் சில ஊர்களில் காட்டை ஒட்டிய கிடங்கையே அடைகிறது. கோவை மருதமலைப் பகுதியில் அத்தகைய கிடங்கில் மேய்ந்த யானைகளின் இலத்தியில் நெகிழி உறைகள் காணப்பட்டன. உப்பும் உணவுவாசனையும் படிந்த உறையை விலங்கு உணவென்றே கொள்கிறது. அதைத் தொட்டியில் இட்டவர் யார், புதரில் எறிந்தவர் யார் என்பதை அது அறியாது. எனவே குப்பையைத் தொட்டியில் இடுவதினும் உண்டாக்காதிருப்பது மேல். உண்டானதை வீட்டுக்குக் கொண்டுவந்து, தரம்பிரித்து ஒப்படைப்பது அடுத்த நிலை.

பழத்தோலும் எச்சில் இலையும் மக்கிவிடும் என்று விட்டுவருவதும் சரியன்று. மனித உணவின் சுவை கண்ட குரங்கு, அடுத்து வரும் குழந்தையின் கையிலிருந்து பறிக்கத் துணிகிறது. அக்குரங்கைக் குறைகூறுகிறோமேயன்றி, அதைப் பழக்கியவர்களை நாம் நினைப்பதில்லை. அவையும் அந்தப் பைக்குள்தான் செல்ல வேண்டும்.

இறுதியாக ஒன்று. பெரும்பாலான இல்லங்களில் விடியற்காலையில் எழுந்து சமைத்து, கட்டி, அடுக்கி வைப்பவர் இல்லத்தரசியே. திரும்பும்போது கழுவுவதும் துடைப்பதும் பொறுக்குவதும் அவர் தலையிலேயே விழுமானால், குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் அது விடுமுறை நாள் ஆகாது. வெறும் பையின் பொறுப்பைக் கணவரும் பிள்ளைகளும் ஏற்கட்டும். சிறுவன் தட்டுகளை எண்ணி அடுக்கட்டும். சிறுமி ஜமக்காளத்தை உதறி, அடியில் ஏதும் கிடக்கிறதா என்று பார்க்கட்டும். தந்தை பையைச் சுமந்து வண்டியில் ஏற்றட்டும். அடுத்து வரும் குடும்பம் அதே மரநிழலில் விரிப்பு விரிக்கும்போது, முன்னர் யாரோ வந்து சென்ற சுவடே அங்குத் தெரியலாகாது.