கூட்டத்திற்கு ஆண்கள், கலியாணத்திற்குப் பெண்களா?

நமது தோழர்கள் பலர், தங்கள் வீட்டுக் கலியாணத்தைப் புரோகிதரைக் கொண்டு நடத்தி முடித்துவிட்டு, பின்னர் நம்மைக் காணும்போது தவறாமல் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. “நமக்கு ஒன்றும் ஆட்சேபனை கிடையாது, வீட்டில் பெண்கள்தான் ஒப்பவில்லை” என்பதே அது. இந்தச் சமாதானம் எவ்வளவு தூரம் யோக்கியமானது என்பதைச் சற்று விசாரித்துப் பார்க்க வேண்டியிருக்கின்றது. ஏனெனில், மேடையில் இரண்டு மணி நேரம் புரோகிதப் புரட்டைக் கிழித்துக் காட்டுகின்றவர், தம் மகள் கலியாணத்தில் ஓமப் புகைக்கு முன்னால் சொன்னபடி எழுந்தும் உட்கார்ந்தும் கொண்டிருந்தால், ஊரார் அவரைப் பார்த்து மாத்திரம் சிரிப்பதில்லை. இயக்கத்தைப் பார்த்தே சிரிக்கின்றார்கள்.

சென்ற மாதம் மன்னார்குடி வட்டாரத்தில் இரண்டு தெருமுனைக் கூட்டங்களுக்குப் போயிருந்தோம். இரண்டிலும் நல்ல கூட்டந்தான். நாற்காலி போதாமல் பலர் நின்றுகொண்டே கேட்டார்கள். இரண்டாவது கூட்டத்தில் ஒரு தோழர் பெண் விடுதலையைப் பற்றி வெகு ஆவேசமாகப் பேசினார். பேச்சில் குறை சொல்ல இடமில்லை. ஆனால், அவர் யாருடைய விடுதலையைப் பற்றிப் பேசினாரோ அவர்களில் ஒருவருக்குக்கூட அங்கே நாற்காலி இல்லை. தெருவுக்கு எதிர்ப்புறத்தில் வீட்டுத் திண்ணை ஓரமாக, இடுப்பில் குழந்தையுடன் ஐந்தாறு பெண்கள் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியின் வாயோ டீக்கடைப் பக்கம் திரும்பியிருந்தது! கூட்டம் முடிந்து இரவு பத்தரை மணிக்கு ஒரு தோழர் வீட்டில் சாப்பாடு. பேச்சாளர்களும் உள்ளூர்த் தோழர்களுமாகப் பன்னிரண்டு பேர் சாப்பிட்டோம். சமைத்துப் பரிமாறிய அம்மையாரிடம், “கூட்டத்துக்கு வரவில்லையா?” என்று கேட்டோம். “நான் வந்திருந்தால் இதை யார் ஆக்குவது?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று அங்கே சாப்பிட்ட ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நமது ஒன்றுவிட்ட தங்கையின் மகளுக்கு அறந்தாங்கியில் கலியாணம். விடியற்காலையிலேயே புறப்பட்டுப் பட்டுக்கோட்டை போய், அங்கிருந்து வேறு பஸ் ஏறினோம். அன்று முகூர்த்த நாளாம்! ஆகையால் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பட்டுச் சேலையும் அழுகின்ற குழந்தையும் அன்பளிப்புப் பெட்டியுமாக ஜனங்கள் ஒருவர்மேல் ஒருவர் நசுங்கிக்கொண்டு போகின்றார்கள். அதே பஸ் மறுநாள் காலியாக ஓடும். பஞ்சாங்கம் எழுதுகின்ற நாலு பேர் குறித்துக் கொடுத்த நாளிலேயே எல்லாரும் போய் விழுவதால் பூ விலையும் மண்டப வாடகையும் ஏறுகின்றன. ஆடி மாதம் முழுவதும் மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன. அக்காலத்தில் நமது தோழர்கள் வேண்டுமென்றே இராகு காலத்தில் கலியாணம் நடத்திக் காட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை 4.30 முதல் 6 வரை இராகு காலம் என்கின்றார்கள். உழைக்கின்ற ஜனங்களுக்கு இதைவிட வசதியான நேரம் வேறு எது என்று நமக்கு விளங்கவில்லை.

கலியாண வீட்டுக்காரர், அதாவது நமது தங்கையின் கணவர், கழகத் தோழர். இருபது வருஷங்களாகக் கூட்டம் நடத்துகின்றவர். இருந்தும் மணவறை, ஓமம், புரோகிதர் எல்லாம் குறைவில்லாமல் இருந்தன. 9 மணியிலிருந்து 10.30க்குள் தாலி கட்டியாக வேண்டும், அப்புறம் இராகு காலம் என்று ஒரே பரபரப்பு. நம்மைக் கண்டதும் அவர், “மச்சான், கோபிக்காதீங்க. உங்க தங்கச்சி ஒத்துக்கலே” என்றார். சரி, தங்கையிடமே கேட்போம் என்று பந்தி முடிந்தபின் கேட்டோம். அந்த அம்மாள் சொன்னதாவது:

“அண்ணே, இவரு இருபது வருஷமா கூட்டம் போடுறாரு. ஒரு நாளாவது ‘நீயும் வா’ன்னு என்னைக் கூப்பிட்டிருப்பாரா? கூட்டம்னா எனக்கு அடுப்படி. அங்க என்ன பேசினாங்கன்னு வந்து சொன்னதும் இல்லே. இப்போ பொண்ணு கலியாணத்துக்குப் பத்து நாளைக்கு முன்னாடி வந்து, ‘ஐயரு வேணாம்’னா, எனக்குப் பயமா இருக்காதா? நாளைக்குப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு என்னைத்தானே கேக்கும்?”

இதில் என்ன தப்பு இருக்கின்றது என்று கேட்கின்றோம். இருபது வருஷம் ஆயிரக்கணக்கான ஆண்களுக்குச் செய்த பிரசாரத்தை, ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் இருக்கின்ற ஒருவருக்குச் செய்யாத மனிதருக்கு, “பெண்கள் ஒப்பவில்லை” என்று சொல்ல என்ன பாத்தியதை இருக்கின்றது?

அது மாத்திரமல்ல. ‘பெண்கள்’ என்கின்றார்களே, எந்தப் பெண்கள்? அந்தக் கலியாண வீட்டில் மணப்பெண்ணின் அத்தை ஒருவர் இருக்கின்றார். கணவரை இழந்தவர். தாய் வேலைக்குப் போன காலங்களில் அந்தப் பெண்ணைத் தூக்கி வளர்த்ததெல்லாம் அவர்தான். தாலியைத் தட்டில் வைத்துச் சபையில் ஒவ்வொருவராகத் தொட்டு ஆசீர்வதிக்கக் கொண்டுவந்தபோது, அந்தத் தட்டு அவரிடம் போகவில்லை. அவரும் அதை எதிர்பார்த்தவராக இல்லை. சாமான் அறை வாசலில் நின்று, வெற்றிலைக் கட்டை எண்ணிக்கொண்டிருந்தார். வந்து போகின்ற புரோகிதருக்கு மணவறையில் இடம் உண்டு, வளர்த்தவளுக்கு இல்லை! “பெண்கள் ஒப்பவில்லை” என்று சொன்ன தோழர் இந்தப் பெண்ணிடம், தம் சொந்த அக்காளிடம், ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது அவருக்கே தெரியும்.

இதைத் தங்கையிடம் எடுத்துச் சொல்லி, சுயமரியாதைத் திருமணமாக இருந்தால் மாலையை எடுத்துக் கொடுப்பதே அந்த அம்மாளாக இருக்கலாம் என்றோம். தங்கை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அண்ணி எடுத்துக் கொடுக்கலாமா? அதுக்குச் சட்டம் இடம் கொடுக்குமா?” என்று கேட்டார். இந்தக் கேள்வியை அந்த அம்மாள் கேட்பதற்கு இருபது வருஷம் பிடித்திருக்கின்றது. அவருக்குப் புத்தி இல்லாததால் அல்ல. அவரிடம் யாரும் பேசாததால்.

நிற்க. சட்டத்தைப் பற்றிப் பல தோழர்களுக்கே சரியாகத் தெரியாததால் அதையும் இங்கே சொல்லிவிடுகின்றோம். 1928 இல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தபோது எந்தச் சட்டமும் துணை இல்லை. 1934 இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953 இல் தீர்ப்புச் சொல்லிற்று. அதாவது, அக்காலத்தில் இம்முறையில் மணம் செய்துகொண்ட ஒவ்வொரு பெண்ணும், நாளை கோர்ட்டில் ‘இவள் மனைவி அல்ல’ என்று சொல்லக்கூடும் என்ற ஆபத்தின்மேல்தான் மாலையை ஏற்றுக்கொண்டாள். தன் குழந்தைகளின் சொத்துரிமையையும் பணயம் வைத்தாள். இதில் ஆணைவிடப் பெண்ணே அதிகத் துணிவு காட்டினாள் என்பதை நமது பேச்சாளர்கள் சொல்ல மறந்துவிடுகின்றார்கள். 1967 இல் அறிஞர் அண்ணா ஆட்சியில் சட்டம் நிறைவேறி, 1968 ஜனவரியில் அமுலுக்கு வந்தது. இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவாக அது சேர்ந்தது; முன்னே நடந்த திருமணங்களும் செல்லும் என்று ஆயிற்று. உறவினரோ நண்பரோ மற்றவரோ முன்னிலையில், இருவரும் தங்களுக்குத் தெரிந்த மொழியில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்கின்றோம் என்று சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால் போதும். அல்லது மோதிரம் போட்டால் போதும். தாலி கட்டினாலும் சரி. புரோகிதர் தேவை என்று அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை. மாலையை யார் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. ஊரைக் கூட்டிப் பகிரங்கமாக நடத்த வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2023 இல் தீர்ப்பளித்துவிட்டது. 2009 ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்தைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் கட்டாயம். புரோகிதர் வைத்து நடத்தினாலும் பதிவு செய்துதான் ஆகவேண்டும்.

இனி, “பெண்களுக்குக் கூட்டத்தில் இஷ்டம் இல்லை, கோவிலுக்குத்தான் போவார்கள்” என்று சிலர் சொல்லுகின்றார்கள். கோவிலுக்கு ஏன் போகின்றார்கள்? அங்கே அவர்களுக்கு வேலை கொடுக்கின்றான். திருவிளக்குப் பூசை என்று வரிசையாக உட்கார வைக்கின்றான். பால்குடம் எடுக்கச் சொல்லுகின்றான். ஆடி மாதம் கூழ் ஊற்றச் சொல்லுகின்றான். ஏமாற்றுகின்றவன் ஆயினும், பெண்ணைக் கூப்பிட்டு, நடுவில் உட்கார வைத்து ஏமாற்றுகின்றான். நாமோ உண்மையைச் சொல்லுகின்றோம். ஆனால் ஆண்களுக்கு மட்டும் சொல்லுகின்றோம். கலியாணத்திலும் அப்படியே. பழைய முறையில் நலங்கு, ஆரத்தி, சீர் வரிசை என்று தாய்மாருக்கு நாலு காரியம் உண்டு. அர்த்தமற்றவையானாலும் அவள் கையால் நடப்பவை அவைதான். அவற்றையெல்லாம் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எட்டு ஆண்களை மேடையில் உட்காரவைத்து, ஒவ்வொருவரும் முக்கால் மணி நேரம் பேசினால், பெற்ற தாய்க்கு அதில் என்ன வேலை? மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பதும் மாறவில்லை. சாம்பார் ஆறிப்போனது ஒன்றுதான் கண்ட பலன். மணப்பெண்ணின் தாயாரே தலைமை வகிக்கட்டும். மணப்பெண்ணே தன் வாயால் ஒப்பந்தத்தைச் சொல்லட்டும். பேச்சாளர் ஒருவர் கால் மணி நேரம் பேசினால் தாராளம். பெண்கள் நூற்றுக்கணக்கில் வந்து உட்காருகின்ற ஒரே கூட்டம் நமக்குக் கலியாணந்தான். அங்கேயும் ஆண்களைப் பார்த்தே பேசுகின்றவருக்கு என்ன சொல்வது!

இந்த இயக்கம் எப்பொழுதும் இப்படி இருந்ததில்லை. 1938 இந்தி எதிர்ப்பில் திருச்சி உறையூரிலிருந்து சென்னைக்கு நடந்தே வந்த படையில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இருந்தார். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். அவ்வருஷம் பெண்கள் கைக்குழந்தைகளுடன் சிறைக்குப் போனார்கள். தலைவர் ஈ.வெ.ரா. அவர்களைப் ‘பெரியார்’ என்றே அழைக்க வேண்டுமென்று தீர்மானம் செய்ததும் அவ்வருஷம் நவம்பரில் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடுதான். பெண்கள் கொடுத்த பெயரை மேடைதோறும் முழங்குகின்றவர்கள், அந்த மேடைக்கு முன்னால் நாலு பெண்களுக்கு நாற்காலி போடாதது வெட்கக்கேடு அல்லவா?

பஸ் செலவைச் சொல்லுவதற்கும் இடமில்லை. 2021 மே மாதத்தில் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஏற்பட்டபின், கிராமத்துப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் வேலைக்கும் தனியாகவே போய் வரப் பழகிவிட்டார்கள். கூட்டத்திற்கு மட்டும் வர முடியாதா? ஆனால் இரவு ஒன்பது மணிக்குக் கூட்டம் ஆரம்பித்தால் வர முடியாதுதான். கடைசி பஸ் போய்விடும், பிள்ளைகள் தூங்க வேண்டும், விடிந்தால் வேலை.

ஆகையால் கிளைத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இது. அடுத்த தெருமுனைக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மாலை 4.30 மணிக்குப் போடுங்கள். இராகு காலமாயிற்றே என்று எவராவது கேட்டால் அதற்கும் ஒரு பதில் சொன்னதாக இருக்கட்டும். முன் இரண்டு வரிசை நாற்காலியைப் பெண்களுக்கு ஒதுக்குங்கள். அழைப்புத் துண்டறிக்கையை முதலில் உங்கள் வீட்டு அடுப்படியில் கொடுங்கள். அன்று பேச்சாளருக்குச் சமைத்துப் போட வேண்டாம். அவர் கடையில் நாலு இட்டிலி தின்றுவிட்டுப் போகட்டும்.