மண்டபம் யாருடையது?

என் அக்கா மகளின் திருமணம் சென்ற தை மாதம் நடந்தது. சாதி மறுப்புத் திருமணம். நாங்கள் இடைநிலைச் சாதி ஒன்றில் பிறந்தவர்கள். மாப்பிள்ளை பட்டியலினச் சமூகத்தைச் சேர்ந்தவர். இரு வீட்டாரும் பேசி ஒப்புக்கொண்ட திருமணம்தான். சோதிடரைக் கேட்கவில்லை, புரோகிதரை அழைக்கவில்லை, அழைப்பிதழில் சாதிப் பட்டம் போடவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது, மண்டபம் ஒன்றுதான் பாக்கி என்று நினைத்தோம். தாய்மாமன் என்ற முறையில் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் போன மண்டபத்தில் மேலாளர் நன்றாகத்தான் பேசினார். தேதியைக் கேட்டார், பதிவேட்டைப் புரட்டினார், காலியாக இருக்கிறது என்றார். பிறகு, "மாப்பிள்ளை வீடு எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "அந்த ஊர்ல எந்தத் தெரு?" என்றார். அதையும் சொன்னேன். பதிவேட்டை மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டு, "அடடா, அந்தத் தேதிக்கு நேத்துதான் சார் முன்பணம் வாங்குனோம், மறந்துட்டேன்" என்றார். அன்று மாலை அந்த மண்டபத்துக்காரர்களின் சாதியைச் சேர்ந்த நண்பர் ஒருவரைவிட்டு அதே தேதிக்குத் தொலைபேசியில் கேட்கச் சொன்னேன். காலியாக இருந்தது. சங்க உறுப்பினர் என்றால் வாடகையில் சலுகையும் உண்டாம்.

இப்போதெல்லாம் எந்த மண்டபத்திலும் "உங்களுக்குக் கிடையாது" என்று யாரும் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் வழக்கு வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் தேதி இல்லை என்பார்கள். தேதி இருந்தால் வாடகை இரண்டு மடங்காகும். அதற்கும் சம்மதித்தால், அசைவம் சமைக்கக் கூடாது, சமையல் எங்கள் ஆட்கள்தான், பறை அடிக்கக் கூடாது என்று ஒவ்வொரு நிபந்தனையாக வரும். எல்லாவற்றுக்கும் காரணம் சொல்வார்கள். சாதி என்ற சொல் மட்டும் அவர்கள் வாயிலிருந்து வராது. அது வாசலில் பெயர்ப் பலகையிலும், மேடைக்குப் பின்னால் மாட்டியிருக்கும் சாதித் தலைவர் படத்திலும் ஏற்கெனவே இருக்கிறது.

மூன்று மண்டபம் ஏறி இறங்கிய பிறகு, எங்கள் பெரியப்பா மகன் ஒரு யோசனை சொன்னார். "நம்ம சங்க மண்டபம் இருக்கே. உனக்குப் பாதி வாடகைதான். நிர்வாகிகள்கிட்ட நான் பேசிக்கிறேன். ஒருநாள் கூத்துக்கு எதுக்கு இந்த அலைச்சல்?" மறைக்காமல் சொல்கிறேன், நான் தடுமாறினேன். பாதி வாடகை என்பது எங்களைப் போன்ற குடும்பத்துக்குச் சிறிய தொகை அல்ல. அவர்கள் மண்டபத்தில், அவர்கள் கண்ணெதிரே சாதி மறுப்புத் திருமணம் நடத்துவதே ஒரு வெற்றிதானே என்று எனக்கு நானே சமாதானம்கூடச் சொல்லிக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மாவிடம் கேட்கப் போனேன். அவர் கோபப்படவில்லை. "அங்க நான் பாத்திரம் கழுவப் போயிருக்கேண்ணே. பின்வாசல் வழியாத்தான் போவோம், பின்வாசல் வழியாத்தான் வருவோம். சோறு கட்டிக் குடுப்பாங்க" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு மேல் நான் கேட்கவும் இல்லை.

அண்ணல் அம்பேத்கரின் முதல் திருமணம் எங்கே நடந்தது என்பதைத் தோழர்கள் அறிந்திருப்பீர்கள். பம்பாய் பைகுலா சந்தையில், கடைகளெல்லாம் மூடிய பிறகு, இரவு நேரத்தில், திறந்த கொட்டகையின் கீழ் நடந்தது. ஒரு மூலையில் பெண் வீட்டார், மறு மூலையில் மாப்பிள்ளை வீட்டார். வியாபாரிகள் சரக்கு வைத்து விற்கும் கல் திண்டுகள்தாம் வந்தவர்களுக்கு இருக்கை. விடிந்ததும் வியாபாரம் தொடங்கும், அதற்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். பிறகு 1948 ஏப்ரலில், அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவராக இருந்த அதே அம்பேத்கர், டெல்லியில் தம் வீட்டிலேயே சவிதா அம்மையாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். இரண்டு முறையும் அவர் எந்த மண்டபத்தின் தயவையும் நாடவில்லை. முதல் முறை வழியில்லை. இரண்டாம் முறை தேவையில்லை.

சாதிச் சங்க மண்டபங்கள் எல்லாமே பிறரைத் தடுப்பதற்காகக் கட்டப்பட்டவை என்று நான் சொல்லவில்லை. நாடார் சமூகத்தின் வரலாற்றைப் பாருங்கள். கமுதி கோயிலுக்குள் 1897இல் நுழைந்தார்கள் என்பதற்காக வழக்குப் போடப்பட்டு, 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்ற சமூகம் அது. பொது இடம் மறுக்கப்பட்டவர்கள் உறவின்முறை வைத்து, மகமை வசூலித்துத் தமக்கென இடங்களை உருவாக்கிக்கொண்டதில் நியாயம் இருந்தது. கேள்வி அதன் பிறகு வருவது. தனக்குக் கதவு மூடப்பட்டதால் வீடு கட்டியவன், தனக்குக் கீழே என்று கருதப்படுகிறவன் வந்து நிற்கும்போது அதே கதவை மூடலாமா? எந்தச் சங்கமாக இருந்தாலும், சுயமரியாதைக்காக எழுப்பிய கட்டடம் சாதிப் பெருமையின் கோட்டையாக மாறும்போது அதற்கு நாம் வாடகை கொடுக்கலாமா?

சட்டம் இல்லாமல் இல்லை. அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பொதுமக்கள் பயன்பாட்டுக்கென உள்ள இடங்களில் தீண்டாமை காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் கொண்டுவந்த திருத்தம், பட்டியலின, பழங்குடி மக்களின் திருமண ஊர்வலத்தைத் தடுப்பதையும், பொது இடங்களில் அவர்கள் நுழைவதைத் தடுப்பதையும் வெளிப்படையாகவே குற்றப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் "தேதி இல்லை" என்ற பொய்யை எந்தக் காவல் நிலையத்தில் போய் நிரூபிப்பது? பதிவேடு அவர்கள் கையில் இருக்கிறது.

இன்னொரு பக்கம், திருமணத்துக்கு மண்டபமே தேவையில்லை என்று காட்டிய மண் இது. 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தம் என்ற சிற்றூரில் பெரியார் நடத்திவைத்தது முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். பிறகு இயக்க மாநாட்டுப் பந்தல்களிலேயே, திரண்டிருந்த மக்கள் முன்னிலையில் எத்தனையோ திருமணங்கள் நடந்தன. அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறிய சட்டத் திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்தது. உறவினரோ நண்பரோ முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். அதை ஊரறியச் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தெளிவாக்கிவிட்டது. சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவு செய்பவர்கள்கூட, கூடுதல் கட்டணம் கட்டினால், நியாயமான தொலைவுக்குள் தாங்கள் விரும்பும் இடத்துக்கே அலுவலரை வரவழைக்கலாம்.

உயிருக்குப் பயந்து ஓடிவரும் இணையர்க்கு இந்தச் சட்டங்கள்தாம் அரண். ஆனால் அந்த அரணுக்கும் ஓர் இடம் வேண்டும். 2024 ஜூனில் நெல்லையில் மார்க்சிஸ்ட் கட்சி அலுவலகத்தில் ஒரு சாதி மறுப்புத் திருமணம் நடந்ததற்காக, அந்த அலுவலகத்தையே அடித்து நொறுக்கினார்கள். 2025 ஆகஸ்டில் அதே கட்சி, தமிழ்நாடு முழுக்கத் தன் அலுவலகங்கள் சாதி மறுப்புத் திருமணங்களுக்குத் திறந்திருக்கும் என்று அறிவித்தது. இடத்தைத் தாக்கியவர்களுக்கு, இடத்தை இன்னும் பெருக்கிக் காட்டுவதே சரியான பதில்.

எங்கள் வீட்டுத் திருமணம் கடைசியில் பேரூராட்சியின் சமுதாயக் கூடத்தில் நடந்தது. மின்விசிறிகளில் இரண்டு ஓடவில்லை. சுவரில் காரை பெயர்ந்திருந்தது. என் உறவில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களில் சிலர் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் போனார்கள். மாப்பிள்ளை ஊரிலிருந்து வந்தவர்கள்தாம் ஆட்டுக்கறி சமைத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் என் அக்காவும் முதல் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அன்று பாத்திரம் கழுவியவர்களில் நானும் ஒருவன்.

அரசிடம் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. ஊருக்கு ஒன்று, சேரிக்கு ஒன்று என்று சமுதாயக் கூடம் கட்டுவதை நிறுத்த வேண்டும். ஊரும் சேரியும் சேர்ந்து புழங்கும் இடத்தில் ஒன்றே கட்டி, அதை ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும். அடுத்தது, வாடகைக்கு விடும் எந்த மண்டபமும் தன் முன்பதிவுத் தேதிகளையும் வாடகையையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்பதை உரிமத்தின் நிபந்தனையாக்க வேண்டும். தேதி கண்ணுக்குத் தெரிந்தால் பொய் சொல்வது கடினம்.

நம்மிடமே கேட்க வேண்டியது ஒன்று உண்டு. எத்தனை தோழர்களின் வீட்டுத் திருமணம் சாதிச் சங்க மண்டபத்தில் நடந்திருக்கிறது? சாதித் தலைவர் படத்துக்குக் கீழே நின்று சாதி ஒழிப்பைப் பற்றி எத்தனை முறை வாழ்த்துரை வழங்கியிருக்கிறோம்? நானும் வழங்கியிருக்கிறேன். அன்று கைதட்டியவர்களுக்குப் பின்னால், சமையற்கட்டில் யார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

இனி யாராவது அழைப்பிதழ் கொடுத்தால், மணமக்கள் பெயரைப் படித்த கையோடு மண்டபத்தின் பெயரையும் படிப்பேன். சாதிப் பெயர் தாங்கிய மண்டபம் என்றால் வீட்டுக்குப் போய் வாழ்த்திவிட்டு வருவேன். வாழ்த்துரை வழங்க மேடை ஏற மாட்டேன். தோழர்களும் இதையே முடிவாக எடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.