சுவருக்குள் போகும் குழாய்

டெக்சஸ், ஃபுளோரிடா, கரோலினா பக்கம் எண்பதுகளில் கட்டிய வீட்டை விலை பேசுகிற குடும்பங்களில் இன்று தமிழ்க் குடும்பங்களும் உண்டு. வீட்டைச் சோதிக்க வருபவர் வாட்டர் ஹீட்டரின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்ப்பார். அங்கே சாம்பல் நிறத்தில் வளையும் குழாய் தெரிந்தால் விலைப் பேச்சு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சில காப்பீட்டு நிறுவனங்கள் அந்த வீட்டுக்குப் பாலிசியே தருவதில்லை.

அது பாலிபியூட்டிலீன் என்ற பிளாஸ்டிக். 1978 முதல் 1995 வரை லட்சக்கணக்கான அமெரிக்க வீடுகளில் ஓடியது. செம்பைவிட மலிவு, சுலபமாக வளையும், நெருப்பு வைத்துப் பற்றவைக்கும் வேலை இல்லை. கட்டுநர்கள் விரும்பியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் குடிநீரில் கிருமி கொல்லக் கலக்கும் குளோரின் அந்தக் குழாயையும், அதன் அசிட்டால் இணைப்புகளையும் உள்ளிருந்தே அரித்தது. வெளிப்புறம் புதிதுபோல இருக்கும். ஒருநாள் சுவருக்குள் வெடிக்கும். வழக்குகள் குவிந்து, 1995-இல் ஷெல் முதலான நிறுவனங்கள் 95 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டன.

இதைக் கேட்டதும் பலர் செம்பின் பக்கம் சாய்கிறார்கள். செம்புக்கு நீண்ட ஆயுள் உண்டு என்பது உண்மை. எகிப்தில் அபுசிர் என்ற இடத்தில், நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான சாகுரே மன்னரின் கோயிலில் செம்பு வடிகுழாய்களே கிடைத்திருக்கின்றன. ஆனால் தண்ணீர் ஒத்துக்கொள்ளாவிட்டால் செம்பும் தாங்காது. வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்து புறநகர்களில் வீடு வீடாகச் செம்புக் குழாய்களில் ஊசித்துளைகள் விழுந்தன. அங்குள்ள குடிநீர் வாரியம் 2003-இல் தண்ணீரில் ஆர்த்தோபாஸ்பேட் கலக்கத் தொடங்கியது. அது குழாயின் உட்சுவரில் மெல்லிய காப்புப் படலமாகப் படியும். சொந்தக் கிணற்று நீர் அமிலத்தன்மை கொண்டதாக இருந்தால் குளியல் தொட்டியில் நீலப்பச்சைக் கறை படியும். கரைந்த செம்புதான் அது. குடிநீரில் செம்பு லிட்டருக்கு 1.3 மில்லிகிராமைத் தாண்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. இன்னொன்று: குடிநீர்க் குழாய்களில் ஈயப் பற்றாசுக்கு அங்கே 1986-இல்தான் தடை வந்தது. அதற்கு முந்தைய வீடு என்றால் குழாய் செம்பாக இருந்தாலும் மூட்டுகளில் ஈயம் இருக்கக்கூடும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. ஊர்க் குடிநீர் வாரியம் ஆண்டுதோறும் தர அறிக்கை வெளியிட வேண்டும் என்பது அங்கே சட்டம். கிணறு வைத்திருப்பவர் தாமே சோதித்துக்கொள்ள வேண்டும். அமில நீருக்குச் செம்பு கூடவே கூடாது, அங்கே பிளாஸ்டிக்தான்.

இன்று பெரும்பாலான புது வீடுகளில் இருப்பது பெக்ஸ் எனப்படும் குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன். ஓரிடத்திலிருந்து ஒவ்வொரு குழாய்வாய்க்கும் மூட்டே இல்லாமல் ஒரே நீளமாக இழுக்கலாம். கசிவு பெரும்பாலும் மூட்டில்தான் தொடங்குகிறது என்பதால் இது பெரிய அனுகூலம். 2021 பிப்ரவரியில் டெக்சஸ் உறைந்தபோது எத்தனையோ வீடுகளில் குழாய்கள் வெடித்தன. அத்தகைய குளிரில் செம்பு பிளக்கும், பெக்ஸ் ஓரளவு உப்பிக்கொடுக்கும். எலி கடிப்பதும் வெயில் பட்டால் கெடுவதும் அதன் குறைகள். பெட்ரோல் கசிந்த மண்ணில் பிளாஸ்டிக் குழாயைப் புதைக்கவே கூடாது; பென்சீன் அதை ஊடுருவி உள்ளே வரும். 2018-இல் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் நகரைக் காட்டுத்தீ அழித்த பிறகு அங்கே குடிநீரிலேயே பென்சீன் இருந்தது. பிளாஸ்டிக் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லத் தண்ணீரில் விடும் என்பதால், ஒருமுறை அலசிவிட்டுப் பயன்படுத்த வழியில்லாமல் போனது.

பெக்ஸ் வாங்குபவர் குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படிக்க வேண்டும். முதல் இலக்கம் குளோரினைத் தாங்கும் திறன். அது 5 என்றிருந்தால், நாள் முழுக்கச் சுடுநீர் சுற்றிக்கொண்டே இருக்கும் வீட்டுக்கும் போடலாம். 1 என்றால் நாளில் கால்வாசி நேரச் சுடுநீருக்குத்தான் அந்தக் குழாய் ஏற்றது. சுவரைப் பூசுவதற்கு முன்பே அந்த எண்ணைப் படம் எடுத்து, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்வது நல்லது.