வண்டுக்கு வழி விடுவோம்

தில்லைக்குப் பெரும்பற்றப்புலியூர் என்றொரு திருப்பெயர் உண்டு. அப்பெயருக்குக் காரணமான வியாக்கிரபாத முனிவரின் வரலாறு அன்பர்கள் அறிந்ததே. விடிந்தபின் பறித்தால் மலர்களை வண்டுகள் எச்சிற்படுத்திவிடுகின்றன. இருளில் பறிக்கச் சென்றாலோ மரங்கள் பனியில் நனைந்து வழுக்குகின்றன. ஆகவே, வழுக்காமல் ஏறப் புலிக்கால்களையும், இருளிலும் காணும் கண்களையும் இறைவனிடம் வேண்டிப் பெற்றார் அவர். வண்டு தொடுமுன் மலரைத் தொடுவதே அம்முனிவரின் தவம்.

தில்லைக்கு வடகிழக்கே, வெள்ளாறு கடலிற் கலக்கும் பரங்கிப்பேட்டையில் இருக்கிறது எங்கள் வீட்டுக் கொல்லை. மணற்பாங்கான நிலம், கோடை முற்றினால் கிணற்று நீரில் உப்புச் சுவை ஏறும். எனினும் வெண்டையும் கொத்தவரையும் கத்தரியும் இந்த வெயிலிலும் காய்க்கின்றன. வேலியோரம் ஒரு பரங்கிக்கொடியும் உண்டு. ஊருக்கும் காய்க்கும் ஒரே பெயர்க் காரணந்தான். கடல் கடந்து வந்த ஐரோப்பியரைப் பரங்கியர் என்றனர் நம் முன்னோர். அமெரிக்க மண்ணில் தோன்றிக் கடல் கடந்து வந்த காயும் பரங்கிக்காய் ஆயிற்று. அயலூர்க் காயாக வந்தது, இன்று திருவாதிரைக் களியோடு படைக்கும் கூட்டில் இடம்பெற்றுவிட்டது. வந்தாரை ஏற்கும் இயல்பு நம் அடுக்களைக்கும் உண்டு போலும்.

சென்ற ஆண்டுச் சித்திரையில் நான் செய்த பிழையொன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பரங்கியின் இளந்தளிர்களைச் செவ்வண்டுகள் சல்லடையாக்கின. கத்தரியிலும் புழு கண்டது. கடையில் கேட்டு வாங்கிய பூச்சிமருந்தை ஒரு காலை வேளையில் கொல்லை முழுவதும் தெளித்தேன். வண்டுகள் மடிந்தன; மனம் மகிழ்ந்தது. அடுத்து வந்த நாள்களில் கொடி நிறையப் பொன்னிறப் பூக்கள் மலர்ந்தன. ஆனால் ஒன்றுகூடக் காயாகவில்லை. பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர்ந்தன. காலையில் பூக்களைச் சுற்றி ரீங்கரிக்கும் தேனீக்களைக் காணவில்லை.

அதனினும் பெரிய துயரம் கத்தரிச் செடியில் காத்திருந்தது. அகன்ற இரண்டு இலைகளை நாரால் தைத்துப் பஞ்சு பரப்பிக் கூடு கட்டியிருந்தது ஒரு தையல்சிட்டு. நாள் முழுதும் புழுவும் பூச்சியும் கொணர்ந்து குஞ்சுகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்த பறவை அது. மருந்து தெளித்த மூன்றாம் நாள் கூட்டில் ஓசையில்லை. எட்டிப் பார்த்தேன், மூன்று குஞ்சுகளும் அசைவற்றுக் கிடந்தன. தாய்ப்பறவை வேலியில் அமர்ந்து கத்திக்கொண்டே இருந்தது.

அம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “சாமிக்குப் பூப் பறிக்கிறவன் வண்டுக்கு முந்திக்கணும், கொடி போடுறவன் வண்டுக்கு வழி விடணும், தம்பி” என்று மட்டும் சொன்னார்.

எத்தனை உண்மை! பரங்கியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும். ஆண்பூவுக்கு நீண்ட காம்பு மட்டுமே. இரண்டும் விடியலில் மலர்ந்து முற்பகலுக்குள் வாடிவிடும். அந்தச் சில நாழிகைக்குள் ஒன்றன் மகரந்தத்தை மற்றொன்றுக்குத் தேனீ கொண்டு சேர்த்தாலன்றிக் காயில்லை. தேனீ வாராத இடங்களில் ஆண்பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் நாமே மெல்லத் தடவலாம். அவ்வேலையைச் சில காலை செய்து பார்த்தபோதுதான், கூலி கேளாமல் தேனீக்கள் செய்யும் தொண்டின் அருமை எனக்குப் புரிந்தது.

இவ்வாண்டு மருந்தில்லை. பனி உலருமுன், வண்டுகள் மந்தமாக இருக்கும்போதே கையால் பொறுக்கிவிடுகிறோம். இலைகள்மேல் அடுப்புச் சாம்பலைத் தூவுகிறோம். வெயில் ஏறுமுன்பும் அந்தி சாய்ந்தும் நீர் விடுகிறோம். ஈரம் காயாதிருக்க வேரடியில் சருகு பரப்பியிருக்கிறோம். மாவிலை நிழலில் அகன்ற மண்சட்டியில் நீர் வைத்து, சிறு பறவையும் நின்று குடிக்க நடுவே ஒரு கல் இட்டிருக்கிறோம். நீரை நாள்தோறும் மாற்றுகிறோம். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சருகைக் கிளறிப் பூச்சி தின்கின்றன. கரிச்சான் கம்பத்தில் காவலிருக்கிறது. தேன்சிட்டு ஒன்று பூப்பூவாகத் தாவுகிறது.

2015 முதல் பொங்கல் நாள்களில் தமிழகமெங்கும் பறவை ஆர்வலர்கள் பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, கண்டவற்றைக் குறித்தால் போதும். கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு கொல்லையிலோ மாடியிலோ நாமும் அவ்வாறு செய்யலாமே! காக்கைக்குச் சோறிட்ட பின் உண்பதும், நெற்கதிர்க் கொத்தைக் கோயில் மண்டபத்தில் குருவிகளுக்காகக் கட்டித் தொங்கவிடுவதும் நம் மரபன்றோ?

சென்ற வாரம் கத்தரியிலையில் மீண்டும் ஒரு தையல் கண்டேன். அருகே செல்லவில்லை. பரங்கியில் நான்கு காய்கள் திரண்டிருக்கின்றன. விடியலில் செம்பருத்தியைச் சுவாமிக்குப் பறித்துக்கொண்டு, பரங்கிப்பூவைத் தேனீக்களுக்கு விட்டுத் திரும்புகிறேன். பூசைக்கு முந்துவதும் பிறவுயிர்க்கு ஒதுங்குவதும் ஒரே வழிபாட்டின் இரு கூறுகள் என்பதை உணர எனக்கு மூன்று சிற்றுயிர்கள் விலையாயின. அன்பர்கள் அவ்விலை தராமலே உணர அம்பலவாணன் அருள்க!